அத்தர் குணத்துக்கு ஒரு வெளியீட்டு விழா

ஒரு சண்டியனுக்குக் குத்துவிளக்கு ஏற்றி மாலை போடுகிற காலத்தையும் என் கண்ணால் பார்த்துவிட்டேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடை கடையாகக் கப்பம் வாங்கித் தின்றவன், கொடுக்காதவர்களை வெட்டியவன், அத்தர் குணம். எங்கே போனாலும் அத்தர் பூசிக்கொண்டு போவான். ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடுமாம், அதனால் அந்தப் பெயர். உமாசுதன் என்று ஒருவன் குணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த வாசனைக்கே இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறான். வெட்டுப்பட்டவர்கள் எப்படி அலறினார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் என் மனிசன், கனகசபாபதி. ஊரெல்லாம் சபா என்று கூப்பிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பாமசி, மருந்துக்கடை, வைத்திருந்தார். எங்களுக்குக் கலியாணமாகி அதிக நாளாகவில்லை. குணத்தின் ஆட்கள் கப்பம் கேட்டு வந்தார்கள். இவர் கொடுக்க மாட்டேன் என்றதோடு நிற்காமல் நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடும் செய்துவிட்டு வந்தார். அந்தக் கதை எப்படியோ குணத்தின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் நல்ல வெயில் நேரம், தெரு நிறையச் சனம், கடை வாசலில் வைத்து இவருடைய வலது கையை வெட்டினான். டாக்டர்மார் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

பொலிஸ் வந்து விசாரித்தபோது தெருவில் ஒருவரும் ஒன்றும் காணவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் உள்ளே நின்றாராம். பழக்கடைக்காரர் குனிந்து நின்றாராம். எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துக் கண் தெரியாமல் போய்விட்டதாம். சரி, பயம், அதையாவது விளங்கிக்கொள்ளலாம். ஆனால் குணம் அதோடு விடவில்லை. பாமசிக்காரன் போலி மருந்து விற்றான், அதைக் குடித்து ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று செத்துப்போனது, அதற்குத்தான் வெட்டினேன் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டான். சனம் அதை நம்பியது. நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வெளிக்கிட்ட அன்று ஒரு மனுசி என் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். அதற்குப் பிறகு இவர் பாமசிப் பக்கம் போகவேயில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கொம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றார்.

அந்தப் பிள்ளை சாகவில்லை என்பதுதான் இதில் பெரிய அநியாயம். பெயர் ரிம்ஸான். வெட்டு விழுவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன், காய்ச்சல் கூடி வலிப்பு வந்த பிள்ளையைத் தாய் றலியா பாமசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இவர் மருந்தே கொடுக்கவில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளை பிழைத்தது. அந்தக் கிழமையே றலியாவின் குடும்பம் மாளிகாவத்தைக்கு வீடு மாறியது. தெருவில் பிள்ளையைக் காணவில்லை, குணம் செத்துவிட்டது என்றான், எல்லாருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. ரிம்ஸானுக்கு இப்போது நாற்பது வயதாகப் போகிறது. மாளிகாவத்தையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இனிப்பு வட்டிலப்பம் வரும்.

இதையெல்லாம் மறந்து, அல்லது மறந்ததாக நடித்து, நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அப்போதுதான் உமாசுதன் முளைத்தான். முன்பு வானொலியில் அறிவிப்பாளனாக இருந்தவன், இப்போது யூடியூபில் பழைய கள்ளர், காடையர் கதைகளைச் சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறான். அவற்றைத் தொகுத்து 'கொழும்புச் சண்டியர் சரித்திரம்' என்று புத்தகமாக்கிவிட்டான். வெளியீட்டுக்கு முன் விளம்பரமாக ஒரு அத்தியாயத்தை அவனே வாசித்து வீடியோவாக விட்டான். எங்கள் தொடர்மாடியின் வட்ஸ்அப் குறூப்பிலும் அது வந்து விழுந்தது. இவர் காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்துவிட்டார்.

"அந்த மருந்துக்கடைச் சபா விற்ற போலி மருந்தைக் குடித்து, முஸ்லிம் தாயொருத்தியின் ஒற்றை மகன் துடிதுடித்து இறந்தபோது சட்டம் உறங்கிக்கொண்டிருந்தது. அத்தர் குணம் உறங்கவில்லை!" பின்னணியில் புல்லாங்குழல் வேறு. இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாதி இடியப்பத்தோடு எழும்பிப் போனார்.

எங்களுக்கு மேல் மாடியில் மிதுனா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு எந்தப் பாணி மருந்து எழுதிக் கொடுத்தாலும் "அங்கிள், இதை எவ்வளவு குடுக்கிறது?" என்று இவரிடம் காட்டாமல் பருக்க மாட்டாள். வீடியோ வந்த பிறகு ஆளைக் காணவில்லை. ஒருநாள் லிப்ட்டுக்குள் அகப்பட்டாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அன்ரி, அங்கிள் முந்திக் கொட்டாஞ்சேனையில பாமசி வச்சிருந்தவர் எல்லோ?" என்று கேட்டாள். இவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அன்றிலிருந்து கடற்கரைக்கு நடக்கப் போவதை நிறுத்திவிட்டார், கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கேட்டால் கால் நோகிறது என்பார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உமாசுதனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தேன். யார் என்று சொன்னதும் குரலில் தேன் வடிந்தது.

"அன்ரி, உண்மையாவா? சபா அங்கிள் உயிரோட இருக்கிறாரோ? அவரை ஒரு பேட்டி எடுக்கலாமோ?"

"பேட்டி இருக்கட்டும். நீர் எழுதினது பச்சைப் பொய். பிள்ளை சாகேல்லை, மருந்து குடுக்கவுமில்லை. அந்தப் பக்கத்தை எடும்."

"அது செவிவழி வரலாறு அன்ரி. சனம் சொன்னதைத்தான் நான் எழுதினனான். அதோட, புத்தகம் அடிச்சு முடிஞ்சுது."

"அடிச்சு முடிஞ்சால் கிழியும்!"

"அடுத்த பதிப்பில பாப்பம் அன்ரி," என்று வைத்துவிட்டான். வாசலுக்கு வந்த பிச்சைக்காரனை நாளைக்கு வா என்கிற அதே குரல்.

கடவுள் இருக்கிறார் என்று நான் நினைத்தது அதற்கடுத்த கிழமை. விழா ஏற்பாட்டுக்காரி ரூபிகா எனக்கு போன் எடுத்தாள். நான் வெள்ளவத்தையில் வங்கி முகாமையாளராக இருந்தவள், கடைக்காரர் எல்லாரையும் எனக்குத் தெரியும். எங்கள் நூல் வெளியீடுகளின் முறைதான் உங்களுக்குத் தெரியுமே. முதற்பிரதி ஒரு பெரிய புள்ளிக்கு. பிறகு சிறப்புப் பிரதி என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு மேடையில் புத்தகம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். எழுதியவரைத் தெரியாவிட்டாலும், எழுத்தே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயருக்கு முன்னால் 'வர்த்தகர்' என்று ஒரு சொல் இருந்தால் போதும்.

"அன்ரி, சிறப்புப் பிரதி வாங்க ஆக்கள் காணாது. வர்த்தகர்மார் ஆரையும் சொல்லுங்கோவன்," என்றாள் ரூபிகா. நான் யார் மனைவி என்பது அவளுக்குத் தெரியாது.

"ஓம் பிள்ளை, ஒருத்தர் இருக்கிறார். மாளிகாவத்தை வர்த்தகர் ரிம்ஸான். எழுதிக்கொள்ளும்," என்றேன்.

அவர் யார், என்ன வியாபாரம், ஏன் வருகிறார் என்று அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று பின்னேரமே மாளிகாவத்தைக்குப் போய் ரிம்ஸானிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு அவன் தாயைத் திரும்பிப் பார்த்தான். றலியா, "நீ போ மகன். போய் உன்ட மூஞ்ச காட்டிட்டு வா," என்றாள்.

இவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "விசர் வேலை பாக்கிறீர் மலர். கிளறாதையும்." நான் சேலை கட்டிக்கொண்டே ரிம்ஸான் மேடைக்குப் போகப்போவதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "எனக்காக அந்தப் பிள்ளை தனியப் போய் நிக்கிறதோ?" என்று கேட்டுவிட்டுச் சேர்ட்டை எடுத்தார். தெறி பூட்ட அவருக்கு நான்தான் வேண்டும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்று. நிறைந்த கூட்டம். நல்ல கவிதைப் புத்தகத்துக்கு முன்வரிசைகூட நிரம்பாத எங்கள் சனம், சண்டியன் என்றதும் பின்னால் நின்றுகூடப் பார்த்தது. மேடையில் குணத்தின் பெரிய படம், வெள்ளை முழுக்கைச் சேர்ட், தோளில் புறா. அகவணக்கம் என்றார்கள். "மறைந்த குணரத்தினம் ஐயாவுக்கும் சேர்த்து" என்றாள் ரூபிகா. எல்லாரும் எழும்பினார்கள், நான் எழும்பவில்லை. பின்னாலிருந்த மனுசி என் தோளில் தட்டினாள். "முழங்கால் நோ," என்றேன். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை.

தலைமை தில்லைநாதன், ஓய்வுபெற்ற சட்டத்தரணி, புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியவரும் அவர்தான். "அரசர்கள் மட்டுமா சரித்திரம்? கொள்ளைக்காரருக்கும் சண்டியருக்கும் அதில் இடமுண்டு. நானும் இளமையில் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருந்தவன். அவர்களிடம் ஒரு தர்மம் இருந்தது," என்றார். சபை கைதட்டியது. எந்தத் தர்மம்? இஞ்சிக் கடைக்காரனிடமும் இடியப்பக்காரியிடமும் பறித்து, அதில் கொஞ்சத்தைத் தைப்பொங்கலுக்குச் சேலையாகத் திருப்பிக் கொடுப்பது தர்மமாம். என் வாய்க்குள் வந்ததை நான் இங்கே எழுதவில்லை.

முதற்பிரதியை வாங்கியவர் குணத்தின் மகன் சாரங்கன். கலியாண மண்டபங்கள் வைத்திருக்கிறார், வெள்ளை வேட்டி, கழுத்தில் மொத்தமான சங்கிலி. சிறப்புப் பிரதிகளையும் அவர் கையாலேயே கொடுப்பதாக ஏற்பாடு. ஒவ்வொரு வர்த்தகராக ஏறி இறங்கினார்கள். பிறகு ரூபிகா, "அடுத்து, மாளிகாவத்தையின் பிரபல வர்த்தகர் ரிம்ஸான் ஹாஜியார் அவர்களை அன்போடு அழைக்கிறோம்," என்றாள். ஹஜ்ஜுக்கே போகாதவனை ஹாஜியார் ஆக்கியது அவளுடைய சொந்தச் சேர்க்கை.

ரிம்ஸான் ஏறினான். சாரங்கன் கொடுத்த புத்தகத்தை வாங்கினான், படத்துக்கு நின்றான். பிறகு இறங்காமல் மைக்குக்கு முன்னால் போய் நின்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பேசிப் பழக்கமில்ல. இந்தப் புத்தகத்தில, சபாவுட மருந்தக் குடிச்சி ஒரு உம்மாட ஒத்த மகன் மௌத்தாப் போனதா எழுதீக்கி. அந்தப் புள்ள நான்தான். நான் மௌத்தாகல்ல, இந்தா ஈக்கிறேன். சபா அங்கிள் எனக்கு மருந்தே தரல்ல. அவர்தான் என்னத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர் ஓடல்லண்டாத்தான் நான் மௌத்து."

மண்டபம் சிரித்ததே ஒரு சிரிப்பு! கைதட்டல், விசில். செத்த பிள்ளை மேடையில் நிற்கிறதாம், போன்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். உமாசுதன் பாய்ந்து வந்து ரிம்ஸானின் தோளில் கை போட்டான். "ஆகா! வரலாறே எழுந்து வந்து சாட்சி சொல்கிறது! இதையும் அடுத்த பதிப்பில் சேர்ப்போம்!" மறுபடி கைதட்டல். புத்தக மேசையில் நெரிசல் கூடியது.

பொய்யை உடைக்க வந்தால் அதையும் தூக்கித் தன் கடையில் வைத்து விற்கிறானே, இவனை என்ன செய்வது? எழும்பினேன். மைக் இல்லாமலே என் குரல் போகும்.

"நிப்பாட்டும் உமாசுதன்! பிள்ளை சாகேல்லை எண்டால், என்ன நீதிக்கு வெட்டினவன்? அதைச் சொல்லும். அதைச் சொல்லிப்போட்டுப் படம் எடும்!"

சிரிப்பு அடங்கியது. சாரங்கன் மைக்கை வாங்கினார். குரல் நல்ல மரியாதை.

"அம்மா, அப்பா காலமாயிட்டார். மோசம் போனவரைப் பற்றிப் பிழையாக் கதைக்கிறது எங்கட பண்பாடு இல்லை."

"என்ர மனிசன் உயிரோட இருக்கிறார் தம்பி! உயிரோட இருக்கிறவரைப் பற்றிப் பிழையா எழுதுறது மட்டும் பண்பாடோ?"

சாரங்கனின் முகம் சிவந்தது. "அப்பா குற்றமில்லாத ஒருத்தரிலயும் கை வச்சதில்லை. சும்மா கதைக்கப்படாது. கண்டவை ஆரும் இருந்தால் சொல்லட்டும்."

இந்தச் சவாலை நான் முன்பும் பொலிசின் வாயால் கேட்டிருக்கிறேன், கட்டுப் போட்ட கையோடு இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அன்றைக்கும் இதே அமைதிதான். பக்கத்தில் கதிரை கிரீச்சிட்டது. என் மனிசன் எழும்பி நின்றார்.

"நான் கண்டனான். எனக்குத்தானே வெட்டு விழுந்தது." குரல் உடைந்திருந்தது, ஆனால் கேட்டது. "என்ர பேர் கனகசபாபதி. நான் கப்பம் குடுக்கேல்லை, பொலிசுக்குப் போய்ச் சொன்னனான். அதுக்குத்தான் குணரத்தினம் என்னை வெட்டினவர். வேற ஒண்டுமில்லை."

வெட்டினவர்! இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்த நாய்க்கு 'அவர்' போட்டுக் கதைக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. இந்த மனிசனையா கொலைகாரன் என்றார்கள்?

முன்வரிசையில் ஒருவர் நேரம் பார்த்தார், இன்னொருவர் நிகழ்ச்சி நிரலை மடித்து விசிறினார். வெட்டுப்பட்டவனே சொன்னால் அது சாட்சியாகாதாம் போல. ரூபிகா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த நிகழ்வாக நன்றியுரை..." என்று தொடங்கினாள்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை." மேடையில் நடுக் கதிரையிலிருந்து வந்தது குரல். தில்லைநாதன். அவர் எழும்பவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை, தன் முன்னாலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துத்தான் சொன்னார். "நானும் கண்டனான்."

உமாசுதன் அவரிடம் குனிந்தான். "ஐயா, அதை நாங்கள் பிறகு..."

"பஸ் நிக்கிற ஹோல்ட் பாமசிக்கு நேர முன்னால," என்றார் தில்லைநாதன். "நான் அதில நிண்டனான். கையைப் பிடிச்சுக் கடை வாசல் மேசையில வச்சு வெட்டினதைக் கண்டனான். பொலிஸ் வந்து கேட்ட நேரம், இப்பத்தான் வந்தனான், ஒண்டும் தெரியாது எண்டிட்டன். அப்பதான் சட்டத்தரணியாச் சத்தியப்பிரமாணம் எடுத்திருந்தனான்." நிறுத்தினார். "அந்தப் பாமசியிலதான் நான் மருந்து வாங்கிறனான். அவர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு எனக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்தில் கண் இருண்டது. நன்றி சொல்ல வேண்டுமாம், சொல்ல மாட்டேன்! "சட்டம் படிச்ச மனிசன்! தெரிஞ்சுகொண்டே இந்தப் புத்தகத்துக்கு அணிந்துரை எழுதினனீர், என்ன? தர்மமாம் தர்மம்! நாங்கள் ஊரைவிட்டு ஓடேக்குள்ள எங்க ஐயா போனது உம்மட கண்? என்ர முகத்தில துப்பேக்குள்ள எங்க போனது?"

என் முழங்கையில் ஒரு கை பட்டது. இறுக்கிப் பிடிக்க அந்தக் கையால் முடியாது, சும்மா வைத்திருந்தார்.

"இரும் மலர். குறுக்க கதையாதையும். அவர் சொல்லட்டும்."

"இனிச் சொல்லி என்ன, இவ்வளவு காலமும்..."

"எனக்குக் கேக்க வேணும்," என்றார். அப்படி ஒரு குரலில் அவர் என்னோடு கதைத்ததேயில்லை. நான் இருந்துவிட்டேன்.

கதிரைகளுக்கு நடுவே மேடையடிவரைக்கும் போனார். தில்லைநாதன் இப்போதுதான் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, எழும்பி நிண்டு, மைக்கில சொல்லுங்கோ," என்றார் என் மனிசன். "வெட்டினதைப் பிறகு சொல்லலாம். முதல்ல, நான் கள்ள மருந்து விக்கேல்லை எண்டதைச் சொல்லுங்கோ."